எந்த வேளையில், எவ்வளவு?

சென்ற ஏகாதசியன்று மாலை, எங்கள் உளுந்தூர்பேட்டையில் பெருமாளைச் சேவித்துவிட்டுப் பிராகாரத்தில் சற்று அமர்ந்திருந்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான நண்பர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். எழுபதைக் கடந்தவர்.

“பதினோரு ஏகாதசி விடாமல் விரதம் இருந்துவிட்டேன், சார். மற்ற நாள்களிலும் இரவு ஆகாரத்தை ஆறரை மணிக்கே முடித்துவிடுகிறேன். எடை மட்டும் ஒரு கிலோகூட இறங்கவில்லை. பெருமாள் கண் திறக்கமாட்டேன் என்கிறாரே!” என்றார்.

பெருமாளைக் குறை கூறுமுன் வரவு செலவைப் பார்த்துவிடுவோம் என்றேன். முப்பத்தைந்து ஆண்டு வங்கியில் இருந்தவனுக்கு வேறு வழி தெரியாது. அன்று காலை முதல் அவர் உண்டவற்றைக் கேட்டேன். காலையில் பாலும் இரண்டு வாழைப்பழமும். நண்பகலில் உருளைக்கிழங்கு சேர்த்த ஜவ்வரிசி உப்புமா. மூன்று மணிக்கு வறுத்த வேர்க்கடலை. கோயிலுக்குப் புறப்படுமுன் அவல் பாயசம். சொல்லி முடிக்கையில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜவ்வரிசி எதிலிருந்து வருகிறது என்பதை நம் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்வராயன் மலைப் பக்கம் விளையும் மரவள்ளிக் கிழங்கின் மாவுதான் அது. 100 கிராம் ஜவ்வரிசியில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கிறது. 100 கிராம் அரிசியிலும் ஏறக்குறைய அதே அளவுதான். பேரேட்டில் தலைப்பு மாறியதே தவிரத் தொகை மாறவில்லை. தாளிக்க விடும் எண்ணெயோ ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. விரதத்தின் புண்ணியம் அவருக்கும் பெருமாளுக்கும் இடையிலானது. அதில் நான் தலையிடவில்லை. எடையின் கணக்கு மட்டும் வேறு.

அப்படியானால் வேளைக்குப் பொருளே இல்லையா? அறிஞர்கள் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். சீனாவின் குவாங்சோ நகரில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. இரு பிரிவினருக்கும் உணவின் அளவு ஒன்றுபோலக் குறைக்கப்பட்டது. ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 மணி முதல் மாலை 4 மணிக்குள் உண்டு முடித்தனர். அவர்கள் சராசரியாக 8 கிலோவும், நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் 6.3 கிலோவும் குறைந்தார்கள். அந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. இரு சாராருக்கும் எடையைக் குறைத்தது அளவுதான்.

காலையில் மிகுதியாக உண்பதா, இரவில் மிகுதியாக உண்பதா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 2013-இல் வெளியான இஸ்ரேல் நாட்டு ஆய்வொன்றில் காலையில் மிகுதியாக உண்ட பெண்களே கூடுதலாக எடை குறைந்தார்கள். பின்னர் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் 30 பேருக்கு ஒவ்வொரு வேளை உணவையும் ஆய்வாளர்களே அளந்து கொடுத்துப் பார்த்தபோது, இரு முறையிலும் எடை ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் காலையில் மிகுதியாக உண்ட வாரங்களில் அவர்களுக்குப் பசி குறைவாக இருந்தது. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. பசி அடங்கியிருந்தால் கை தானாகவே குறைவாக எடுக்கும். அன்றியும், ஒரே உணவு காலையில் ஏற்றுவதைவிட இரவில் இரத்தச் சர்க்கரையை அதிகமாக ஏற்றுகிறது. ஆகவே சர்க்கரை நோயாளிகளுக்கு முன்னிரவு உணவு நல்லதுதான். ‘இரவில் டிபன் மட்டுமே’ என்று பெருமைப்படுகிறோமே, நான்கு தோசையும் தேங்காய்ச் சட்டினியும் மிளகாய்ப் பொடிக்கு விட்ட நல்லெண்ணெயும் சேர்ந்தால் அது மதியச் சோற்றுக்கு இளைத்ததல்ல.

நம் வட்டத்தைச் சேர்ந்த திருநறுங்கொண்டைக் குன்றில் அப்பாண்டைநாதர் எனப்படும் பார்சுவநாதர் கோயில் கொண்டிருக்கிறார். பொழுது சாய்ந்தபின் உண்ணாமை சமணர்களின் நெடுங்கால ஒழுக்கம். விளக்கொளியைத் தேடி வரும் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மடியலாகாது என்ற அருளே அதன் காரணம்; எடை குறைப்பதன்று. ஆயினும் இரவு பத்து மணிக்குத் தொலைக்காட்சியின் முன் நொறுக்குத் தீனி கொறிக்கும் நம் வீட்டு வழக்கத்திற்கு அங்கே இடமில்லை. வேளைக் கட்டுப்பாட்டின் உலகியல் பயன் அவ்வளவே. உண்ணும் வாய்ப்பை அது குறைக்கிறது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்திலும் கடிகாரக் கணக்கு இல்லை. முன்னுண்டது செரித்ததா, பசி வந்ததா, அளவு எவ்வளவு என்பவைதாம் அங்கே பேசப்படுகின்றன. நண்பருக்கு இதை நினைவூட்டியபோது, “எனக்கே பாடமா?” என்றார்.

இனிச் சொல்லப்போவது என் சொந்த அறியாமை. ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில் என் எடை 84 கிலோ. யாரையும் கேளாமல் இரவு உணவை அடியோடு விட்டேன். சர்க்கரைக்கான கிளிமெப்பிரைடு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் இரவில் விழுங்கிவந்தேன். நான்காம் நாள் பின்னிரவு மூன்று மணிக்கு உடல் முழுதும் வியர்த்து, கை நடுங்கி, வாய் குழறியது. மாரடைப்பு என்றே என் மனைவி நினைத்துவிட்டார். வீட்டுக் கருவியில் சர்க்கரை 52 எனக் காட்டியது. 70-க்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தேன். மறுநாள் மருத்துவர் கேட்டார்: “உணவை நிறுத்தியவர் மாத்திரைக்கு மட்டும் ஏன் விடுமுறை கொடுக்கவில்லை?”

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் இவ்வகை மாத்திரை உண்பவர்களும், மருத்துவரைக் கேளாமல் ஒரு வேளையைக்கூடத் தவிர்க்கலாகாது. தாமாகவே மருந்தை நிறுத்தவும் கூடாது. முதுமையில் இன்னோர் இடரும் உண்டு. பட்டினியால் கொழுப்போடு தசையும் கரைகிறது. பிறகு கோயில் படியேறவே கால் ஒத்துழைக்காது. எனவே குறைப்பதைச் சோற்றிலும் எண்ணெயிலும் இனிப்பிலும் குறையுங்கள். பருப்பு, சுண்டல், தயிர் ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம். நான் பெரிய தட்டை மாற்றிச் சிறிய தட்டு வாங்கினேன். இரவு ஏழரைக்கு இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் பருப்பு சாம்பார். நாள்தோறும் நடை. பதினான்கு மாதத்தில் 77 கிலோவானேன். துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் இன்றும் உண்டு; முதல்நாள் பட்டினியை ஈடுகட்டும் இரண்டாம் முறைச் சோறு மட்டும் இல்லை.

இவ்வளவும் கேட்ட நண்பர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். அதே கிளிமெப்பிரைடு. அடுத்த ஏகாதசிக்குமுன் மருத்துவரைப் பார்ப்பதாக அவரிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். துணைக்கு நானும் போகிறேன்.