ராணி என்றால்தான் இரக்கமா?

பாழடைந்த மாளிகை என்றால் நம் வாசகர்களுக்குக் கொள்ளை ஆசை. வெளவால் பறக்கும் தர்பார் மண்டபம், சாயம் போன ஜரிகைப் புடவை, விற்காமல் மிஞ்சிய ஒரே ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு. இவற்றைக் கதையில் வைத்துவிட்டால் போதும், கண்ணீர் தானாக வந்துவிடுகிறது. அந்தக் கண்ணீரின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

1975-ல் அமெரிக்காவில் ‘கிரே கார்டன்ஸ்’ என்று ஒரு விவரணப் படம் வெளிவந்தது. எடுத்தவர்கள் மேஸில்ஸ் சகோதரர்கள். நியூயார்க் மாகாணத்தில் ஈஸ்ட் ஹாம்ப்டன் என்னும் கடற்கரை ஊர், பணக்காரர்களின் ஊர். அங்கே ஒரு பெரிய பங்களாவில் ஒரு தாயும் மகளும் உலகத்தோடு ஒட்டாமல் வாழ்கிறார்கள். இருவருக்குமே எடித் என்றுதான் பெயர். வீடு சிதைந்து கிடக்கிறது. எங்கு பார்த்தாலும் பூனைகள். எழுபது வயது தாண்டிய தாய் கட்டிலில் உட்கார்ந்தபடி பழைய பாட்டுப் பாடுகிறாள். ஐம்பது தாண்டிய மகள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, தான் ஆகாமல் போன நாட்டியக்காரியாகக் காமிராவுக்கு முன் ஆடுகிறாள்.

நல்ல படம்தான், அதை நான் மறுக்கவில்லை. 2006-ல் அந்தக் கதை பிராட்வே மேடையேறியது; 2009-ல் தொலைக்காட்சிச் சித்திரமும் ஆயிற்று. ஆனால் ஒன்று கேட்கிறேன். அதே ஊரில் துணி வெளுத்துப் பிழைத்த ஒரு தாயும் மகளும் இடிந்த வீட்டில் கிடந்திருந்தால் அந்தக் காமிரா அவர்கள் வாசலுக்குப் போயிருக்குமா? இந்தத் தாய், ஜனாதிபதி கென்னடியின் மனைவி ஜாக்குலினுக்கு அத்தை முறை. 1971-ல் சுகாதார அதிகாரிகள் அந்தப் பங்களாவுக்குள் நுழைந்தது ஊர் உலகத்துக்குச் செய்தியானது அந்த உறவினால்தான். அடுத்த வருஷம் ஜாக்குலினும் தங்கையும் பணம் கொடுத்து வீட்டைச் செப்பனிட்டதும் செய்தியாயிற்று.

அமெரிக்காவின் கோணல் புத்தி என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். நம் டில்லியிலேயே இதைவிடப் பெரிய கூத்து நடந்திருக்கிறது.

1970-களில் ஒரு நாள், புது டில்லி ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓர் அம்மாள் வந்து சேர்ந்தாள். பேகம் விலாயத் மஹல் என்று பெயர். கூடவே மகள் சகீனா, மகன் அலி ரஜா, நாய்கள், வேலையாட்கள், விரிக்கக் கம்பளங்கள். “1856-ல் வெள்ளைக்காரன் பிடுங்கிக்கொண்ட அயோத்தி நவாபின் வம்சம் நாங்கள், எங்கள் சொத்தைத் திருப்பிக் கொடுங்கள்” என்று முக்கியஸ்தர்கள் தங்கும் அறையிலேயே குடியேறிவிட்டாள். ஏறக்குறையப் பத்து வருஷம் அங்கிருந்து அசையவில்லை. அதிகாரிகளுக்கு அவளை அப்புறப்படுத்தத் துணிவில்லை. வெளிநாட்டு நிருபர்கள் பேட்டிக்குக் காத்துக் கிடந்தார்கள். கடைசியில் 1985-ல், டில்லிக் காட்டுக்குள் துக்ளக் காலத்து வேட்டை மாளிகையான மால்ச்சா மஹலை ஒதுக்கினார்கள். கதவில்லை, மின்சாரமில்லை, தண்ணீரில்லை. 1993-ல் தாய் தற்கொலை செய்துகொண்டாள்; வைரத்தைப் பொடித்து விழுங்கினாள் என்று கதை கட்டினார்கள். பிறகு மகளும் போனாள். 2017-ல் மகனும் தனியாகக் கிடந்து இறந்தான்.

2019-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நிருபர் எல்லன் பாரி உண்மையைத் தோண்டி எடுத்து எழுதினார். விலாயத் ராஜ வம்சமே அல்ல. லக்னோ சர்வகலாசாலையில் பதிவாளராக இருந்தவரின் மனைவி. தேசம் துண்டானபோது கணவனோடு பாகிஸ்தான் போனவள். அங்கே கணவனை இழந்தாள். அந்நாட்டுப் பிரதமரையே பகிரங்கமாக எதிர்த்துக்கொண்டாள் என்றும், லாகூர் மனநோய் ஆஸ்பத்திரியில் அடைக்கப்பட்டாள் என்றும் உறவினர்கள் சொன்னார்கள். அதன் பிறகுதான் குழந்தைகளோடு இந்தியாவுக்குத் திரும்பினாள், பிறகுதான் ராணியானாள்.

செய்தி வந்ததும் ‘ஏமாற்றுக்காரி’ என்று எத்தனை பேர் தீர்ப்பெழுதினார்கள்! யாரை ஏமாற்றினாள் ஐயா? பதிவாளரின் விதவை என்று சொல்லிக்கொண்டு அதே ஸ்டேஷனில் அவள் உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அன்று மாலையே போலீஸ்காரர் தடியால் தட்டி எழுப்பியிருப்பார். பிரிவினையில் வீடிழந்த லட்சோபலட்சம் பெண்களில் ஒருத்தி. அவளுக்கு எந்த நிருபர் பேனா திறந்திருப்பான்? ராணி என்ற வேஷத்தை அவள் கட்டிக்கொண்டாள், சரி. அந்த வேஷத்துக்குத்தான் மதிப்பு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? நாம்தான்.

எனக்கு அவளுடைய பொய்க் கதையைவிட மெய்க் கதைதான் பெரியதாகத் தோன்றுகிறது. ராஜ்யம் பறிபோனது 1856-ல். அதை அவள் கண்ணால் கண்டதில்லை. வீடு பறிபோனதும், கணவன் போனதும், பைத்தியக்காரி என்று பட்டம் கட்டப்பட்டதும் அவள் உடம்பில் பட்ட அடிகள். பட்ட அடியைச் சொல்ல அவளுக்கு ஒரு சபை கிடைக்கவில்லை. படாத அடியைச் சொன்னாள். உலகமே கூடிக் கேட்டது.

“உயரத்திலிருந்து விழுந்தால்தானே காவியம்? கீழேயே கிடப்பவனின் கதையில் என்ன வீழ்ச்சி இருக்கிறது?” என்று இலக்கியம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். புதுமைப்பித்தன் ‘பொன்னகரம்’ எழுதினாரே, அந்த அம்மாளு எந்த ஜமீனின் வாரிசு? ஆலைக்கூலிக்காரி. அவள் விழுந்தாளா, நாம் விழுந்தோமா என்று இன்னும் தூங்கவிடாமல் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது அந்தக் கதை? உயரம் என்பது மாடியின் கணக்கு. மனிதனின் வீழ்ச்சியை அதைக்கொண்டு அளக்க முடியாது.

எங்கள் சாத்தூருக்கு வாருங்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் கையைக் கொடுத்துப் பிழைக்கும் சீமை. 2021 பிப்ரவரியில், பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இரண்டு நாள் பத்திரிகையில் படம் வந்தது, பிறகு ஓய்ந்தது. இந்தச் சீமையில் வெடியில் புருஷனைப் பறிகொடுத்தவளும், பெற்ற மகளைப் பறிகொடுத்த தாயும் திங்கட்கிழமை தோறும் விருதுநகர்க் கலெக்டர் ஆபீஸில் மனுவோடு நிற்பதைப் பார்க்கலாம். அவளுக்குக் கம்பளம் இல்லை, நாய் இல்லை, வம்சாவளி இல்லை. கையில் இருப்பது ஒரு மனு, ரேஷன் கார்டின் நகல், செத்தவனின் போட்டோ. விலாயத்தும் மனுதான் கொடுத்தாள். இவளும் மனுதான் கொடுக்கிறாள். அவளுக்குப் பத்து வருஷம் தங்க அறை கிடைத்தது. இவளுக்கு உட்கார ஒரு பெஞ்சு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மால்ச்சா மஹல் இப்போது என்ன ஆயிற்று தெரியுமா? 2023-ல் டில்லி சுற்றுலாத் துறையார் அதைப் ‘பேய் மாளிகை’ என்று விளம்பரப்படுத்திக் கட்டணத்துக்கு ஆட்களை அழைத்துப் போகத் தொடங்கினார்கள். உயிரோடு இருந்தபோது ராணியாக்கிப் பார்த்தோம்; செத்த பிறகு பேயாக்கிப் பார்க்கிறோம். நடுவில் மனுஷியாக ஒரு நாளாவது பார்த்தோமா?

படம் எடுப்பவர்களையும், பத்திரிகை நடத்துபவர்களையும், அவர்களுக்குக் காசு கொடுக்கும் உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஒருத்தியின் துயரத்தைக் கேட்க உட்காரும்போது வம்சத்தை விசாரிக்காதீர்கள். விசாரிக்கிற வரையில் வேஷம் கட்டிக்கொண்டு யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். வேஷம் கட்டத் தெரியாதவள் கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் அடுத்த திங்கட்கிழமைக்காகக் காத்திருப்பாள்.