வரிசை போயிற்று, விலை வந்தது!

அமெரிக்க நாட்டிலே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவந்த ஒரு வழக்கம் 2026 ஜனவரி 27ஆம் நாளோடு முடிந்துபோயிற்று. சௌத்வெஸ்ட் என்னும் விமானக் கம்பெனி அன்று முதல் ஒவ்வொரு பயணிக்கும் இருக்கை எண் குறித்துத் தருகிறது. மலிவு டிக்கெட்காரன் நல்ல இடம் கேட்டால் அதற்குத் தனிப் பணம். பணம் கட்டாதவனுக்குக் கம்பெனி பார்த்துத் தள்ளுகிற இடம்.

"விமானத்தில் எவன் எங்கே உட்கார்ந்தால் நமக்கென்ன? இதுவும் ஓர் அரசியலா?" என்று தோழர்கள் கேட்கலாம். ஆம், அரசியல்தான். பலருக்கும் வேண்டிய ஒரு பொருளைப் பங்கிடுவதற்கு இரண்டு வழிகளை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். முன்னால் வந்தவனுக்கு முதலிடம் என்பது ஒன்று. காசு அதிகம் வைத்தவனுக்கு முதலிடம் என்பது மற்றொன்று. ரேஷன் கடை முன்னாலும் ஆஸ்பத்திரி வாசலிலும் மோதிக்கொள்கிற இந்த இரண்டு வழிகளும் ஒரு விமானத்துக்குள்ளே மோதின. அங்கே எது வென்றது, யாருக்காக வென்றது என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கும் தேவை. ஏனென்றால், திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் கூலி வேலைக்குப் போகிற நம் தோழர்கள் ஏறுவதும் மலிவுக் கட்டண விமானங்களில்தான்.

எண் இல்லாத நாற்காலி

சௌத்வெஸ்ட் விமானம் முதன்முதலாகப் பறந்தது 1971 ஜூன் 18ஆம் நாள். டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள டல்லாஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ ஆகிய மூன்று நகரங்களுக்கு இடையே ஓடிய சிறிய கம்பெனி அது. 1972இல் பண முடை. கையிலிருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்க வேண்டியதாயிற்று. ஆனால் பயண அட்டவணையைக் குறைக்கவில்லை. மூன்று விமானங்களை வைத்துக்கொண்டு நான்கு விமானங்களின் வேலையைச் செய்தார்கள். எப்படி? இறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடத்தில் மறுபடியும் கிளப்பினார்கள். தரையிலே நின்ற தொழிலாளர்களின் கை வேகம் அந்தக் கம்பெனியைக் காப்பாற்றியது.

அந்த வேகத்துக்கு ஒத்துவந்த ஏற்பாடுதான் எண் இல்லாத நாற்காலி. நம் ஊர் டவுன் பஸ்ஸைப் போல, ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியைப் போல, ஏறினவன் காலி இடம் பார்த்து உட்கார வேண்டியதுதான். கடைச் சிப்பந்தியும் கடை முதலாளியும் ஒரே வரிசை. ஜன்னல் ஓரம் வேண்டுமா? முன்னால் வந்து நில்.

இந்த ஏற்பாட்டிலே குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற வித்தை நமக்குத் தெரியாததா? அங்கேயும் முதலில் ஏறியவர் பின்னால் வருகிற நண்பருக்காகப் பையை வைத்து இடம் பிடிப்பார், சண்டை வரும். நடக்க முடியாதவர்களை முதலில் ஏற்றுவார்கள் என்பதற்காக, நன்றாக நடக்கக் கூடியவர்களும் சக்கர நாற்காலி கேட்கிறார்கள் என்று புகார் எழுந்தது. குறை இருந்தது உண்மை. ஆனால் அந்தக் குறை தீர்க்கக் கூடிய குறை. அதற்கு மருந்து விலைச்சீட்டுதானா என்பதே கேள்வி.

முதலில் வரிசை, பிறகு நாற்காலி

வரிசையை ஒரே நாளில் ஒழித்துவிடவில்லை. தவணை முறையிலே விற்றார்கள். 2007 நவம்பரில் வரிசையில் நிற்பவர்களுக்கு எண் கொடுத்தார்கள். முண்டியடிப்பதைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு என்றுகூட அதைச் சொல்லலாம். ஆனால் எண் வந்தால் எண்ணுக்கு விலை வருவதற்கு எத்தனை நாள்? 2009இலே, தனிக் கட்டணம் கட்டினால் மற்றவர்களுக்கு முன்பாகவே உங்கள் பெயரைப் பதிந்துவிடுகிறோம் என்றார்கள். அன்றைக்கே வரிசையின் முன்பகுதி கடைக்கு வந்துவிட்டது.

2024 ஜூன் மாதம் எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் ஏறத்தாழ 190 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை வைத்துக்கொண்டு, "இலாபம் போதவில்லை, நிர்வாகத்தை மாற்று, முறையை மாற்று" என்று நெருக்கியது. அடுத்த மாதமே, எண் இல்லாத இருக்கை முறையைக் கைவிடப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. 2025 பிப்ரவரியில் அலுவலக ஊழியர்களில் சுமார் 1,750 பேரை வீட்டுக்கு அனுப்பப்போவதாக அறிவிப்பு. அந்தக் கம்பெனியின் வரலாற்றிலேயே முதல் பெரிய ஆட்குறைப்பு அது. 2025 மே 28 முதல், பல ஆண்டுகளாகப் பெரும்பாலான பயணிகளின் இரண்டு பெட்டிகளை இலவசமாக ஏற்றிவந்த வழக்கத்துக்கும் முடிவு கட்டினார்கள். 2026 ஜனவரியில் நாற்காலி.

தோழர்களே, இவற்றைத் தனித்தனிச் செய்திகளாகப் படித்தால் ஒன்றும் புரியாது. ஒரே நூலில் கோத்துப் பாருங்கள். ஊழியனின் வேலை, பயணியின் பெட்டி, பயணியின் நாற்காலி என்ற மூன்று மடியிலும் கை வைத்துத்தான் பங்குக்காரன் கேட்ட இலாபத்தைத் திரட்டப் பார்க்கிறார்கள். பயணியும் தொழிலாளியும் எதிரெதிர்க் கட்சி என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும்.

அவர்கள் சொல்லும் நியாயம்

எதிர்த்தரப்பு வாதத்தை மறைப்பது நம் வழக்கமல்ல. எங்கள் பயணிகளில் 100க்கு 80 பேர் குறித்த இருக்கையைத்தான் விரும்புகிறார்கள் என்றது கம்பெனி. இருக்கட்டும். தன் இடம் எது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள யார்தான் விரும்பமாட்டார்கள்? ஆனால் "எண் வேண்டுமா?" என்பது ஒரு கேள்வி, "நல்ல எண்ணுக்குத் தனிப் பணம் தருவாயா?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு வந்த பதிலைக் காட்டி இரண்டாவதற்கு வசூல் செய்வது என்ன நியாயம்?

நம் ரயிலைப் பாருங்கள். முன்பதிவு செய்தவனுக்குப் பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் டிக்கெட்டிலேயே வருகின்றன. கீழ்ப் படுக்கை கேட்டால் அதற்கென்று தனி விலை இல்லை. முதியோருக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கீழ்ப் படுக்கையில் ஒதுக்கீடே உண்டு. இருக்கிற இடத்தைத் தேவை பார்த்துக் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொரு வாதம்: "வேண்டியவன் கட்டட்டும், வேண்டாதவன் மலிவாகப் போகட்டும். இதனால்தானே ஏழையும் விமானம் ஏறுகிறான்?" இதிலே பாதி உண்மை உண்டு. மலிவுக் கட்டணம் வந்த பிறகு விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவர்களும் அதில் ஏறினார்கள் என்பதை மறுக்கமாட்டோம். கால் நீட்டுவதற்கு அதிக இடம் உள்ள இருக்கைக்கு அதிகப் பணம் கேட்பதையும் நாம் குறை சொல்லவில்லை. அங்கே இடம் கூடுகிறது, நாற்காலி குறைகிறது, கம்பெனிக்குச் செலவு உண்டு. ஆனால் தாயையும் மகளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்க என்ன செலவு? எரிபொருள் கூடுமா? ஒரு நாற்காலி குறையுமா? பட்டியலிலே இரண்டு பெயரை அடுத்தடுத்து எழுத வேண்டும், அவ்வளவுதானே! செலவில்லாத ஒன்றுக்கு விலை கேட்கிறவன் பொருளை விற்கவில்லை, பயத்தை விற்கிறான்.

நடு இருக்கையின் கணக்கு

அந்தப் பயம் எங்கிருந்து பிறக்கிறது? கணக்கு எளிது. நடைபாதைக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று 30 வரிசை உள்ள விமானத்தில் 180 இருக்கைகள். ஜன்னல் ஓரம் 60, நடைபாதை ஓரம் 60, நடு இருக்கை 60. நடு இருக்கையைக் காசு கொடுத்து வாங்குகிறவர் அரிது. ஓரங்களெல்லாம் விலைக்கு என்று ஒதுக்கப்பட்ட பின், பணம் கட்டாத குடும்பத்துக்கு மிஞ்சுவது எது? நான்கு பேர் போனால், நான்கு வரிசையில் நான்கு நடு இருக்கை!

இது கற்பனை இல்லை. 2017இல் பி.பி.சி. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று ரையன்ஏர் என்னும் ஐரோப்பிய மலிவு விமானத்தில் நான்கு பயணங்களுக்கு நான்கு நான்கு பேராக அனுப்பிப் பார்த்தது. கட்டணம் கட்டாத அத்தனை பேருக்கும் நடு இருக்கையே விழுந்தது. தற்செயலாக இப்படி நேர்வதற்கு 54 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று கணக்கிட்டார் ஒரு புள்ளியியல் அறிஞர். வேண்டுமென்றே பிரிக்கவில்லை, மற்றவர்கள் ஓரங்களை வாங்கிவிடுவதால் நடுவே மிஞ்சுகிறது என்றது கம்பெனி. அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்வோம். அதன் பொருள் என்ன? ஓரங்களை விலைக்கு வைத்த ஏற்பாடே குடும்பத்தைப் பிரிக்கிறது என்பதுதானே! பிரிவது ஏற்பாட்டால், பிரியாமல் இருக்கக் கட்டணமும் அதே ஏற்பாட்டுக்கு!

இந்த வியாபாரம் சில்லறை வியாபாரமும் இல்லை. அமெரிக்கச் செனட் சபையின் விசாரணைத் துணைக்குழு 2024 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2018 முதல் 2023 வரை ஐந்து விமானக் கம்பெனிகள் இருக்கைக் கட்டணமாக மட்டும் வாங்கிய தொகை 1,240 கோடி டாலர் என்று அது சொல்கிறது. அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. ஸ்பிரிட், ஃபிரான்டியர் என்ற இரண்டு மலிவு விமானக் கம்பெனிகள், கைப்பை அளவு மீறிய பயணிகளைப் பிடித்துக் கட்டணம் வாங்கியதற்காக வாசல் ஊழியர்கள் முதலானோருக்கு 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 2.6 கோடி டாலர் கொடுத்திருக்கின்றன. சம்பளத்தை ஒழுங்காக உயர்த்தாமல், சக மனிதனைப் பிடித்தால் கமிஷன் என்று தொழிலாளியை ஏவுகிற தந்திரம் இது. பயணியின் கோபம் எதிரே நிற்கிற ஊழியர்மேல் பாயும். கட்டணத்தை விதித்தவர் குளிர் அறையில் இருப்பார்.

நம் வாசலிலே

இந்தியாவிலே கதை என்ன? 2015இல் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம், இருக்கைத் தேர்வு முதலியவற்றை டிக்கெட்டிலிருந்து பிரித்துத் தனியாகக் கட்டணம் வாங்கக் கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்தது. 2018 நவம்பரில் இண்டிகோ கம்பெனி, இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்கிறவர்களுக்கு எல்லா இருக்கைக்கும் விலை என்றது. நாட்டிலே எதிர்ப்புக் கிளம்பியது. அமைச்சகம் பரிசீலிப்பதாகச் சொன்னது. விமான நிலையத்துக்கு வந்தால் இலவசமாக இடம் உண்டு என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. 2024 ஏப்ரலில் தலைமை இயக்ககம் ஓர் ஆணை போட்டது: ஒரே பி.என்.ஆர். எண்ணில் போகும் 12 வயது வரையுள்ள குழந்தைக்குப் பெற்றோரிலோ காப்பாளரிலோ ஒருவர் பக்கத்தில் இடம் தர வேண்டும். வரவேற்கிறோம். கட்டணக் கொள்கை என்பது கல்லில் வெட்டிய எழுத்தல்ல, அரசு நினைத்தால் ஒரு தாளில் திருத்தலாம் என்பதற்கு அந்த ஆணையே சான்று.

ஆனால் அந்த ஆணை குழந்தையோடு நின்றது. பேரன் பிறந்தான் என்று முதன்முதலாக விமானம் ஏறிச் சிங்கப்பூருக்குப் போகிற கிராமத்துத் தாயை நினைத்துப் பாருங்கள். வயது 70. தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. இடுப்புப் பட்டையை மாட்டத் தெரியாது. மருந்து வேளைக்குக் கொடுக்க மகள் பக்கத்தில் இருக்க வேண்டும். மகள் 27ஆம் வரிசை, தாய் 6ஆம் வரிசை என்றால் அது எந்த ஊர் நியாயம்? ஆபத்து நேரத்தில் ஒவ்வொருவரும் தன் மனிதரைத் தேடி நடைபாதையில் எதிரும் புதிருமாக ஓடினால் அது எல்லாருக்குமே ஆபத்தல்லவா?

தோழர்கள் செய்ய வேண்டியது

சேர்ந்து போகிறவர்கள் தனித்தனியாக டிக்கெட் எடுக்காதீர்கள். ஒரே பதிவில் எடுங்கள். இருக்கைப் படம் திரையில் வந்தவுடன் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று எண்ணாதீர்கள். கட்டாமல் மேலே செல்லும் வழி பெரும்பாலும் சிறிய எழுத்தில் கீழே இருக்கும், தேடுங்கள். இலவசப் பதிவு எப்போது திறக்கிறது என்று கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். தெரிந்துகொண்டு திறந்தவுடன் செய்யுங்கள். பிரித்துப்போட்டால், நிலையத்துக்குச் சீக்கிரம் போய் அங்குள்ள ஊழியரிடம் அமைதியாகக் கேளுங்கள். அவரும் நம்மைப் போல ஒரு தொழிலாளி, சத்தம் போடாதீர்கள். பணம் கட்டியே தீருவதென்றால் தெரிந்து கட்டுங்கள். கடைசி வரிசை பெரும்பாலும் பின்னால் சாயாது, கழிப்பறையும் பக்கம். இறக்கைப் பக்கம் ஆட்டம் குறைவு. அவசர வழி வரிசையில் கால் நீட்டலாம். ஆனால் குழந்தையோடு போகிறவர்களுக்கும் உடல் தளர்ந்தவர்களுக்கும் அது கிடைக்காது.

இவை ஒவ்வொருவரும் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. எல்லாரையும் காக்கும் வழி சட்டத்தில் இருக்க வேண்டும். நாம் கேட்பவை மூன்று. ஒரே பதிவில் போகிறவர்களை, குழந்தையானாலும் முதியவரானாலும், கட்டணமின்றி அருகருகே உட்காரவைப்பது கட்டாயமாக வேண்டும். அந்த ஆணை காகிதத்தோடு நிற்காமல் மீறுகிறவனுக்குத் தண்டம் வேண்டும். பெட்டி, இருக்கை எல்லாம் சேர்ந்த முழு விலை முதல் திரையிலேயே தெரிய வேண்டும். மூவாயிரம் என்று அழைத்து வந்து ஐயாயிரத்தில் இறக்கிவிடுகிற வித்தை ஒழிய வேண்டும். பயணியைப் பிடித்தால் கமிஷன் என்கிற பழக்கம் நம் நாட்டு விமான நிலையங்களுக்குள் நுழையாமல் இப்போதே தடை வேண்டும்.

கால் நீட்டும் வசதிக்கு விலை வைக்கட்டும். தாயும் மகளும் பக்கத்தில் உட்காருவதற்கு விலை வைக்க எந்தக் கம்பெனிக்கும் உரிமை இல்லை என்று உரக்கச் சொல்வோம்.