முள் பச்சையில் இருக்கிறதா?

2016 அக்டோபர் 25 அன்று ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையில் ஏற்பட்ட தீயில் 6 நோயாளிகள் இறந்தனர். அப்போது எல்லாரும் தீப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினோம். ஆனால், நம் வீட்டுத் தீயணைப்புக் கருவியை எத்தனை பேர் எடுத்துப் பார்த்தோம்?

தூள் நிரப்பிய கருவியில் தூளை வெளியே தள்ளுவது பெரும்பாலும் நைட்ரஜன் வாயுவின் அழுத்தம்தான். வாயு மெல்லக் கசிந்தால் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியைவிட்டு இறங்கிவிடும். பிறகு பிடியை அழுத்தினாலும் தூள் சரியாகப் பாயாது. புகை எச்சரிக்கைக் கருவிக்கும் வயதாகும். 10 ஆண்டுகளில் அதை மாற்ற வேண்டும்.

ரெங்கத்தில் என் மாணவர்களிடம் நான் சொல்வது இதுதான்: வாங்கி மாட்டுவது பெற்றோர் வேலை, மாதம் ஒருமுறை முள்ளைப் பார்ப்பது உங்கள் வேலை. இறங்கியிருந்தால் அன்றே வீட்டில் சொல்லுங்கள்.