குடும்ப வன்முறையிலிருந்து வெளியேறும் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் ஈப்போவில் புகலிடம் வேண்டிக் கோரிக்கை மனு

பெறுநர்: இயக்குநர், சமூக நல இலாகா, பேராக் மாநிலம்
நகல்: மாவட்டப் போலீஸ் தலைவர், ஈப்போ
அனுப்புநர்: மாதர் சங்கம், சிலிபின், ஈப்போ

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

சிலிபின் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் பல, ரப்பர் தோட்டங்கள் கைமாறியபோது நகரத்துக்கு வந்தவர்களின் வழிவந்தவை. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். அடி தாங்காமல் வெளியேறும் பெண்ணுக்கு அன்று பக்கத்து லயத்து வீடுதான் கதி. இன்று வாடகைப் பத்திரம் கணவர் பெயரில் இருக்கிறது. அக்கம்பக்கத்தாரோ நமக்கேன் வம்பு என்று தயங்குகிறார்கள்.

சட்டத்தில் குறையில்லை. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 1996-இல் அமலுக்கு வந்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சமூக நல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். அதற்குப் போலீஸ் புகார் தேவையில்லை. ஆணை ஏழு நாள் செல்லும். உதவிக்கு 15999 தாலியான் காசே எண்ணும் உண்டு.

ஆனால், ஆணை கிடைத்த இரவில் பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது? எங்களிடம் வரும் தாய்மார் ஒரு பிளாஸ்டிக் பையோடு வருகிறார்கள். அதில் பிறப்புப் பத்திரங்களும் பள்ளிச் சட்டையும் இருக்கும். அடையாள அட்டையைக் கணவர் பிடுங்கி வைத்திருப்பார். மகன் வளர்ந்தவன் என்றால் பெண்கள் விடுதியில் சேர்க்கத் தயங்குகிறார்கள். அவனை விட்டுவிட்டு வர மனமில்லாமல் அடிக்கும் வீட்டுக்கே திரும்புகிறவர்கள் உண்டு. டபிள்யூஏஓ எனும் மகளிர் உதவி அமைப்பு 1982 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் புகலிடம் நடத்துகிறது. ஆனால், சுமார் 200 கிலோமீட்டர் தள்ளிப் போனால் தாயின் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் அறுந்துபோகும்.

ஆகவே நாங்கள் கேட்பவை:

1. ஈப்போவில் இரவு பகலாக இயங்கும், முகவரி வெளியிடப்படாத புகலிடம் வேண்டும். பதின்ம வயது மகன்களோடு தாய் தங்கத் தனி அறைகள் அதில் இருக்க வேண்டும்.

2. இரவிலும் பொது விடுமுறையிலும் அவசர ஆணை வழங்க அதிகாரி பணியில் இருக்க வேண்டும். தமிழில் பேசி எழுதிக்கொள்ள ஒருவர் உடனிருக்க வேண்டும்.

3. "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று எந்தப் போலீஸ் நிலையமும் புகாரைத் திருப்பி அனுப்பக் கூடாது. புகாரின் நகலை அங்கேயே கொடுக்க வேண்டும்.

4. ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் சிகிச்சை முடிந்ததும், தாயையும் பிள்ளைகளையும் புகலிடத்தில் சேர்க்க வாகனம் வேண்டும்.

5. தந்தையின் கையொப்பத்துக்காகக் காத்திராமல் பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றம் கிடைக்கவும், புதிய பள்ளியின் விவரம் வெளியே கசியாமல் இருக்கவும், அடையாள அட்டையைக் கட்டணமின்றிப் புதுப்பிக்கவும் உரிய இலாகாக்களுடன் தாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

6. புகலிடத்தை விட்டு வெளியேறும் தாய்க்கு அரசின் மலிவு வாடகை வீட்டில் முன்னுரிமையும், வேலை கிடைக்கும்வரை மாத உதவித்தொகையும் வேண்டும்.

முதல் கோரிக்கையை உடனே கவனிக்க வேண்டுகிறோம். படுக்க இடமில்லாத தாய்க்கு மற்ற ஐந்தும் பயன்படா. எங்கள் பேராளர்களை நேரில் சந்திக்க 30 நாளுக்குள் தேதி கொடுத்து, எழுத்து மூலம் பதில் தரவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், செயற்குழுவினர்
மாதர் சங்கம், சிலிபின்