தேடும் கண்களும் தொலையும் பொழுதும்

 

துவாக்குடியில் பெண்களுக்காக நடைபெறும் வார வகுப்பு முடிந்து, நான் கிதாபை மூடிக்கொண்டிருந்தேன். திரைக்கு அப்பாலிருந்து ஒரு சகோதரியின் குரல் கேட்டது.

"ஹஜ்ரத், செல்போனில் ஒரு படம் வரும். அதற்குள் மறைந்திருக்கும் சாமான்களைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் காசு கட்டி ஆடுவதில்லை. பாட்டுச் சத்தத்தையும் நிறுத்திவிடுவேன். இது கூடுமா, கூடாதா?"

"வரும் வாரம் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்" என்று கூறி எழுந்துவிட்டேன். விடை தெரியாததால் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அதே விளையாட்டு என் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது!

எங்கள் மூத்த மகள் மணமுடித்துத் தஞ்சாவூர் சென்றதிலிருந்து, என் துணைவியார் இஷாவுக்குப் பின் கைப்பேசியும் கையுமாக அமர்ந்துவிடுவார். "வயதுக்குத் தகுந்த வேலையா இது?" என்று நான் இருமுறை கடிந்திருக்கிறேன். முதல் முறை அவர் பதில் பேசவில்லை. இரண்டாம் முறை, "இதிலே தேடினால் கிடைத்துவிடுகிறதுங்க, அவ்வளவுதான்" என்றார். அந்தச் சொல்லின் கனம் அன்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு பொருளைப் பற்றித் தீர விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது அறிவுடைமையாகாது. எனவே ஒரு வார காலம் அந்த விளையாட்டை நானே ஆடிப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். கண்டதைக் கண்டபடி உங்கள் முன் வைக்கிறேன்.

விளையாட்டின் இயல்பு

திரையில் ஒரு பழைய மாளிகையின் அறை தோன்றும். மேசை, நாற்காலி, பூச்சாடி, புத்தக அடுக்கு என்று கால் வைக்க இடமில்லாதபடி பொருள்கள் நிறைந்திருக்கும். கீழே சில பொருள்களின் பெயர்கள் வரிசையாக வரும். சாவி திரைச்சீலையின் மடிப்பில் ஒளிந்திருக்கும். கத்திரிக்கோல் நாற்காலியின் காலோடு காலாக நிற்கும். கண்டுபிடித்து விரலால் தொட்டால் பெயர் மறையும். விரைந்து கண்டுபிடித்தால் மதிப்பெண் கூடும். கண்ணுக்கு அகப்படாவிட்டால் குறிப்புக் காட்டும் வசதியும் உண்டு. ஒவ்வோர் அறையும் ஒரு துப்பறியும் கதையின் அங்கமாக அமையும்.

இது புதிய கற்பனையன்று. அமெரிக்காவின் 'ஹைலைட்ஸ்' சிறுவர் இதழ் 1946ஆம் ஆண்டு தொடங்கிய காலம் முதலே மறைபொருள் படங்களை வெளியிட்டு வருகிறது. ஆங்கிலேய ஓவியர் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்டு, கூட்டத்துக்குள் ஒரு மனிதனைத் தேடச் சொல்லும் 'வேர் இஸ் வாலி' என்னும் படநூலை 1987இல் கொண்டுவந்தார். கணினியில் 2005ஆம் ஆண்டு 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்' வரிசை இவ்வகைக்குப் பெரும் பெயரைத் தேடித் தந்தது. பெர்லின் நகரத்து நிறுவனம் ஒன்று 2017இல் வெளியிட்ட 'ஜூன்ஸ் ஜர்னி' அதனைக் கைப்பேசி வழியே உலகெங்கும் கொண்டு சென்றது.

நமக்கும் இது அந்நியமானதன்று. வார இதழ்களில் 'ஆறு வித்தியாசங்கள்' பகுதியைப் பார்க்காத தமிழ் வீடு உண்டா? அதற்கும் முன்னால், மணலைக் கரைபோல் நீளக் குவித்து, அதற்குள் சிறு குச்சியை ஒளித்து வைத்து, "எங்கே இருக்கிறது?" என்று கை பொத்தி ஆடிய கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தை நம்மில் யார் மறந்தோம்?

நிறைகள்

நல்லதை நல்லதென்று சொல்வதே நீதி. இவ்விளையாட்டில் துப்பாக்கி ஏந்திச் சுடும் வேலையில்லை. முகந்தெரியாத ஆடவரோடு பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. அடுப்பில் பால் பொங்கினால் அப்படியே வைத்துவிட்டு எழுந்து செல்லலாம். கை நடுங்கும் முதியவரும், ஓட முடியாத நோயாளியும் ஆடத்தக்க அளவுக்கு எளிமையானது.

இரண்டாவது, சொல்லறிவு. பெயர்கள் ஆங்கிலத்தில் வருகின்றன. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் துணைவியார், 'லேண்டர்ன்' என்றால் அரிக்கன் விளக்கு, 'திம்பிள்' என்றால் தைப்பவர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் என்று எனக்கே விளக்கினார். பட்டம் பெற்ற நான் இரண்டாவது சொல்லை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது, பொறுமை. அவசரப்பட்டுக் கண்ட இடத்தையெல்லாம் தொட்டால் பயனில்லை. படத்தை மனத்துக்குள் நான்காகப் பிரித்து ஒவ்வொரு மூலையாகப் பார்க்கப் பழக வேண்டியிருக்கிறது.

ஆனால், "இதை ஆடினால் ஞாபக சக்தி பெருகும், மூளை கூர்மையடையும்" என்று சிலர் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். லுமாசிட்டி என்னும் மூளைப் பயிற்சி விளையாட்டை விற்றவர்கள், அது பள்ளியிலும் பணியிலும் திறமையைக் கூட்டும், முதுமையின் மறதியைத் தள்ளிப்போடும் என்று விளம்பரம் செய்தார்கள். அதற்குத் தக்க சான்று இல்லையென்று அமெரிக்க அரசின் வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2016 ஜனவரியில் அந்நிறுவனம் 20 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. தேடும் விளையாட்டை ஆட ஆட, அந்த விளையாட்டில் கை தேறும். அதற்கு மேல் எதிர்பார்ப்பது மிகை.

குறைகள்

முதற்குறை, அது நம்மைக் கூப்பிடும் முறை. ஓர் அறைக்குள் நுழைய 'ஆற்றல்' என்ற ஒன்று செலவாகும். சிறிது நேரத்தில் அது தீர்ந்துவிடும். மீண்டும் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். "நல்லதுதானே, தானாகவே நிறுத்திவிடுகிறதே!" என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். ஆனால் நிரம்பியதும் அழைப்பு மணி ஒலிக்கிறது. இன்றைய பரிசைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறது. இன்று வராவிட்டால் இது போய்விடும் என்கிறது. நாம் அதை விட்டு எழுந்தாலும் அது நம்மை விடுவதில்லை. சோறு வடிக்கும்போதும் அதன் நினைவு, பிள்ளைக்குப் பாடம் சொல்லும்போதும் அதன் நினைவு!

இரண்டாவது, மடியில் கை வைப்பது. விளையாட்டு இலவசம்தான். காத்திருக்கப் பொறுமையில்லாதவரிடம் வைரம் என்றும் நாணயம் என்றும் பெயர் சொல்லி மெய்யான பணத்தைக் கேட்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை விதிக்கும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களே அத்தடைக்கு உரியவை. நாம் பேசும் விளையாட்டு அவ்வகையன்று. ஆயினும் இல்லாத மாளிகைக்கு இல்லாத பூந்தொட்டி வாங்க, கணவர் வெயிலில் உழைத்துத் தந்த காசைக் கொடுப்பது வீண்விரயமன்றி வேறென்ன? உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளும் சில விளையாட்டுகளில் உண்டு. அவற்றில் சூதாட்டத்தின் வாடை வீசுகிறது. பெல்ஜியம் நாட்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் 2018லேயே அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது.

மூன்றாவது, படங்கள். கொலை, பேய் மாளிகை, குறி சொல்லும் சீட்டு, சூனியக்காரியின் அறை, மது நிறைந்த மேசை ஆகியவை இக்கதைகளில் மிகுதி. குறிகாரனிடம் செல்லாதே என்று கற்பிக்கும் வீட்டில், பிள்ளை குறிச்சீட்டைத் தேடிக் கண்டுபிடித்து மகிழ்வது பொருத்தமா என்று எண்ணிப் பாருங்கள்.

நான்காவது, சலிப்பு. அதே அறை மீண்டும் மீண்டும் வருகிறது. நான்காம் முறை கண் தேடுவதில்லை. நினைவிலிருந்து விரல் தொடுகிறது. நிறையென்று நான் மேலே சொன்ன பொறுமையும் உன்னிப்பும் அங்கேயே விடைபெற்றுவிடுகின்றன.

என் வீட்டில் நடந்தது

ஆறாம் நாள் அஸர் தொழுகை முடிந்து வீட்டில் அமர்ந்தேன். "ஐந்து நிமிடம்" என்றுதான் எடுத்தேன். மதரஸாவில் மனனம் செய்த சூராவை ஒப்பிக்க என் மகன் வந்து நின்றான். "இரு, இந்த ஒரு விளக்கை மட்டும் கண்டுபிடித்துவிடுகிறேன்" என்றேன். அந்த விளக்கு கிடைத்தது. அடுத்து ஒரு கடிகாரம், அடுத்து ஒரு சாவி. மஃரிப் பாங்கு கேட்டுத்தான் தலை நிமிர்ந்தேன். மகனைக் காணவில்லை. அவனுடைய ஜுஸ்உ மட்டும் ரிஹாலின் மேல் மூடி வைக்கப்பட்டிருந்தது.

மறுநாள், "சூராவைக் கொண்டு வா" என்றேன். "அத்தாவுக்கு வேலை இருக்குமே" என்றான். குறும்பாகச் சொல்லவில்லை; மெய்யாகவே கேட்டான். மற்றவர் பிள்ளைகளின் ஓதலை நாள்தோறும் செவிமடுக்கும் நான், என் பிள்ளையின் ஓதலை ஒரு படத்து விளக்குக்காக நிறுத்தி வைத்தேன்! அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

மற்றொன்றும் அன்றுதான் உறைத்தது. ஐந்து நாளும் நான் ஆடிய நேரத்தில் என் துணைவியார் சமையற்கட்டில் தனியாக இருந்தார். அதற்கு முந்திய மாதங்களில் நான் கிதாபைப் பார்த்திருந்த நேரத்தில் அவர் கைப்பேசியோடு தனியாக இருந்தார். இருபது ஆண்டுகள் தோளோடு தோளாகப் பேசிச் சிரித்த மகள் பிரிந்து சென்ற வீட்டில், "தேடினால் கிடைத்துவிடுகிறது" என்று அவர் சொன்னாரே, அவர் எதைத் தேடினார் என்று நான் ஒருநாளேனும் கேட்டேனா?

மாலை தொலைந்த பயணம்

ஸஹீஹ் புகாரியில் இடம்பெற்ற நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. நாம் தயம்மும் பாடத்தில் ஓதுவதுதான். ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை அறுந்து தொலைந்துவிட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தேடுவதற்காக அங்கேயே தங்கினார்கள். மக்களும் உடன் தங்கினர். அவ்விடத்தில் தண்ணீரில்லை, கையிலும் தண்ணீரில்லை. அபூபக்ர் (ரலி) அவர்கள் வந்து தம் மகளைக் கடிந்துகொண்டார்கள். அந்த இடத்தில்தான் தயம்மும் வசனம் அருளப்பெற்றது. பிறகு அன்னையார் ஏறிவந்த ஒட்டகத்தை எழுப்பியபோது மாலை அதன் அடியிலேயே கிடந்தது!

பலமுறை பாடம் நடத்திய இந்நிகழ்ச்சியில், தயம்முமின் சட்டத்தை மட்டுமே நான் பார்த்து வந்தேன். மனைவியின் தொலைந்த மாலைக்காக ஒரு பயணக் கூட்டமே நின்றது என்பதை அன்றுதான் பார்த்தேன். கடிந்துகொண்டவர் தந்தை, நின்று தேடியவர் கணவர். நானோ கடிந்துகொள்வதை மட்டும் செய்திருக்கிறேன்.

என்ன செய்யலாம்?

உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றுள்ளது. ஆடுவோர் எல்லோரும் நோயாளிகள் என்பது அதன் பொருளன்று. நிறுத்த நினைத்தும் இயலாமை, மற்றக் கடமைகளைப் பின்தள்ளுதல், தீங்கு கண்டும் தொடர்தல் ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஓராண்டளவு நீடிப்பதே அதன் அடையாளம். இம்மூன்றையும் நம்மை நாமே கேட்டுப் பார்க்கலாம். ஆம் என்று மனம் சொன்னால் மருத்துவரை நாடத் தயங்க வேண்டாம்.

சாதாரணமாக ஆடுவோருக்குச் சில யோசனைகள். விளையாட்டின் அறிவிப்புகளை முதலில் நிறுத்துங்கள். அழைப்பு நின்றாலே பாதித் தொல்லை தீரும். இத்தனை நிமிடம் என்று எல்லை வைக்கும் வசதி இன்றைய கைப்பேசிகளில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். கடவுச்சொல் இல்லாமல் எதையும் வாங்க முடியாதபடி அமைத்துவிடுங்கள். பாங்கு நேரத்தை ஒட்டி ஆடத் தொடங்காதீர்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்முன் கதையையும் படங்களையும் நீங்கள் பாருங்கள். இயன்றால் தனியாக ஆடாமல் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு, பொருளின் பெயரைத் தமிழில் சொல்லச் சொல்லி ஆடுங்கள்.

கேள்வி கேட்ட சகோதரிக்கு அடுத்த வாரம் நான் சொன்ன விடை இதுதான்: "அம்மா, நான் முஃப்தி அல்லேன். விளையாட்டே கூடாதென்று நம் மார்க்கம் சொல்லவில்லை. பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் காண, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உடன் நின்றார்கள். தொழுகையையும் கடமையையும் காசையும் அது தொடாதவரை, தகாத படங்கள் அதில் இல்லாதவரை, சிறிது நேரம் ஆடுவதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. எப்போது தொடுகிறது என்பதை உங்களைவிட அறிந்தவர் இல்லை."

வீட்டு ஆண்களுக்கும் ஒரு சொல். உங்கள் மனைவியோ தாயோ இரவெல்லாம் திரையில் தேடிக்கொண்டிருந்தால், கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன் பக்கத்தில் சென்று சற்று உட்காருங்கள். இப்போதெல்லாம் நான் இஷாவுக்குப் பின் அரைமணி நேரம் கிதாபை மூடி வைக்கிறேன். சில நாள் பேசுகிறோம். சில நாள் தஞ்சாவூருக்குப் பேசுகிறோம். சில நாள் இருவரும் சேர்ந்து ஓர் அறையைத் தேடுவதும் உண்டு. அங்குஸ்தானை அவர்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்!

ஓய்வையும் ஆரோக்கியத்தையும் வீணாக்கி நட்டமடைவோர் கூட்டத்தில் நம்மைச் சேர்க்காமல், வல்ல அல்லாஹ் நம் வீடுகளில் அன்பையும் நம் பொழுதுகளில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.