தப்பு காய்ச்சும் இடம்

ஆண்டு முடிந்தால் சிறந்த சிறுகதை, சிறந்த கவிதைத் தொகுப்பு என்று பட்டியல் போடுவது சிற்றிதழ்களின் வழக்கம். நாங்களும் போட்டு வந்திருக்கிறோம். இந்த முறை இதழ் வேலைக்காகக் கேமரன் மலையின் கோலா தெர்லாவில் ஒரு கோப்பிக் கடையில் கூடியபோது பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. 2025இல் நேரில் நின்று கேட்ட இசையில் யாருக்கு எது மனத்தில் தங்கியிருக்கிறது? இந்த ஒரு கேள்வியில் மாலை முழுவதும் போயிற்று.

இளையவர்கள் எல்லாரும் புக்கிட் ஜாலில் அரங்கம் என்றார்கள். டிசம்பர் 27ஆம் தேதி அங்கே நடந்த ‘ஜனநாயகன்’ பட இசை வெளியீட்டு விழாவுக்கு எங்கள் பக்கத்துப் பையன்கள் வேன் பிடித்துப் போனார்கள். சிம்பாங் பூலாய் மலைச்சாலையில் இறங்கிக் கோலாலம்பூர் போய்ச் சேர நாலு மணி நேரத்துக்குக் குறையாது. திரும்பி வந்து நாலு நாள் தொண்டை கட்டிக் கிடந்தார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2023 ஜனவரி 28ஆம் தேதி அதே அரங்கில் ஏ.ஆர். ரஹ்மானின் கச்சேரியை மேல்தட்டில் உட்கார்ந்து கேட்டவன் நான். மேடையில் அவர் விரற்கடை அளவுதான் தெரிந்தார், முகத்தைத் திரையில்தான் பார்த்தேன். ஆனாலும் அத்தனை ஆயிரம் பேர் ஒரே வரியைச் சேர்ந்து பாடியபோது உடம்பு சிலிர்த்தது. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியதையும் ஒருவர் சொன்னார். தமிழர் எல்லாருக்கும் பெருமை தந்த நாள் அது. ஆனால் எங்களில் யாரும் அதை நேரில் கேட்கவில்லை.

என் முறை வந்தபோது நான் சொன்னது எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவின் இரவை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு தம்பி, “அது திருவிழாண்ணே, கச்சேரி இல்லையே” என்றான். இந்தத் தலையங்கம் அவனுக்காகத்தான்.

கேமரன் மலையில் ஊர்கள் பெரும்பாலும் 1,000 மீட்டருக்கும் மேலே இருக்கின்றன. சாயங்காலம் ஆறு மணிக்குப் பனிமூட்டம் இறங்கினால் துணியெல்லாம் நமுத்துப்போகும். தப்பு மேளத்தின் தோல் அதைவிடச் சீக்கிரம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தளர்ந்த தப்பை அடித்தால் ‘தொப்’பென்று ஈரமூட்டையில் குத்தியதுபோலத்தான் கேட்கும். அதனால் கீழ்நாட்டில் வாசிப்பதற்கும் இங்கே வாசிப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே தீ அணையவே கூடாது.

அன்று கோயிலுக்குப் பின்னால், மடப்பள்ளிச் சுவர் ஓரம் தீ மூட்டியிருந்தார்கள். பழைய பத்திரிகையும் காய்கறி வந்த அட்டைப்பெட்டியும் பற்றவைக்க, கவ்வாத்து வெட்டிக் காயவைத்த தேயிலைக் குச்சி நின்று எரிய. தப்புக்காரத் தம்பி குந்தி உட்கார்ந்து, வட்டத்தைத் தீக்கு நேரே சாய்த்துப் பிடித்து, ஓட்டும் வண்டிச் சக்கரம்போல மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தான். நெருக்கிப் பிடித்தால் தோல் வெடித்துவிடும். தள்ளிப் பிடித்தால் ஈரம் போகாது. புறங்கையைத் தோலில் வைத்துச் சூடு பார்த்தான். பிறகு நடுவிரலால் ஒரு சுண்டு. காதைச் சாய்த்துக் கேட்டான், மறுபடி தீக்குக் கொண்டுபோனான். நாலாவது சுண்டில் ‘ணங்’கென்று வந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுந்து, வலக்கையில் அடிக்குச்சியும் இடக்கையில் சிண்டுக்குச்சியுமாக நடந்துபோய்க் குழுவோடு சேர்ந்துகொண்டான். கர்நாடகக் கச்சேரியில் தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். இவன் சுருதி சேர்த்ததைப் பார்த்தது நானும், சூட்டுக்கு வந்து படுத்திருந்த ஒரு நாயும்தான்.

அந்தப் பையன் பகலில் காய்கறி லோரியில் ஏற்றி இறக்கும் வேலை செய்கிறவன். இங்கே நம் ஆட்களில் பலர் இப்போது தேயிலையில் இல்லை. முள்ளங்கியும் கோஸும் ரோசாவும் வளரும் நெகிழிக் கூடாரங்களிலும், ஓட்டல்களிலும், கீழே இறங்கும் லோரிகளிலும் இருக்கிறார்கள். தேயிலைக் காட்டில் கத்தரிக்கோலும் இயந்திரமும் பிடித்திருப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்தவர்கள், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள். லயத்தை விட்டு வந்த குடும்பங்கள்கூடத் திருவிழாவுக்குத் தோட்டத்துக் கோயிலுக்கே திரும்பி வருகின்றன. தப்பும் உறுமியும் அவர்களோடு திரும்பி வருகின்றன.

உறுமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இடை சிறுத்த அந்த மேளத்தின் ஒரு முகத்தை அடிக்கிறார்கள், மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். தேய்ப்பில் எழுவது தாளமா குரலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அன்று கரகம் எடுத்த அம்மா ஒருவருக்கு அருள் வந்தது. உறுமிக்காரர் குழுவிலிருந்து பிரிந்து அவருக்கு எதிரே போய் நின்றார். அவர் பார்த்தது மேளத்தையோ கூட்டத்தையோ அல்ல. அந்த அம்மாவின் கண்களையும் பாதங்களையும் மட்டும் பார்த்தார். பாதம் வேகமானபோது தேய்ப்பு முன்னால் போய் இழுத்தது. மூச்சு வாங்கியபோது அடியைத் தளர்த்தி, இடைவெளி விட்டு, கைப்பிடித்து இறக்குவதுபோல ஒவ்வொரு படியாக இறக்கினார். கடைசியில் ஒரே ஒரு நீண்ட தேய்ப்பு. அம்மா நின்றார். யாரோ திருநீறு பூசினார்கள். ஓர் ஆளின் உடம்பைப் படித்துக்கொண்டே வாசிக்கும் இந்த வித்தைக்குச் சமமாக நான் 2025இல் வேறொன்றையும் கேட்கவில்லை.

தைப்பூசத்தில் உறுமிக் குழுக்கள் சினிமாப் பாட்டை வாசிக்கின்றன, கூட்டத்தைக் கெடுக்கின்றன, கட்டுப்பாடு வேண்டும் என்ற பேச்சு இந்நாட்டில் பல ஆண்டுகளாக இருக்கிறது. குறைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் சினிமா மெட்டு வேண்டாம் என்கிறவர்கள், தெய்வத்தை அழைக்கும் அடி எது, வழியனுப்பும் அடி எது என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பணமோ இடமோ கொடுத்தார்களா? மூத்தவர்கள் போய்விட்ட தோட்டங்களில் பையன்கள் கைப்பேசியைப் பார்த்துப் பழகுகிறார்கள். திட்டுவதற்கு முன்னால் ஒரு மூத்த வாத்தியாரை ஆறு மாதம் கூட்டிவந்து உட்கார வையுங்கள்.

தப்புக்குத் தேயிலையோடு உள்ள உறவு மிகப் பழையது. இலங்கை மலையகத்தில் விடியற்காலைப் பெரட்டுக்குத் தப்படித்துத்தான் ஆள் திரட்டினார்கள். மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையின் ‘தேயிலைத் தோட்டத்திலே’ அந்த ஒலியில்தான் தொடங்குகிறது. ஆளை வேலைக்கு விரட்டிய அதே தோல், சாவுக்கும் சாமிக்கும் அடித்தது. ஊரில் சாதியின் பெயரால் தள்ளிவைத்த கருவி, கடல் தாண்டி வந்தும் அந்தப் பார்வையை முழுதாக உதறவில்லை என்பதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். இப்போது காற்று மாறுகிறது. 2020 முதல் சென்னையில் ‘மார்கழியில் மக்களிசை’ விழா நடக்கிறது. 2025இல் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நம் மலையிலும் கலைக்கு மரியாதை செய்யும் பெயர் ஒன்று உண்டு. 1929இல் இங்கே தொடங்கிய போ தேயிலையின் பெயரில் ‘போ கேமரோனியன் கலை விருது’ நாடகம், நடனம், இசைக்கு வழங்கப்பட்டு வந்திருக்கிறது. தேயிலைத் தூரில் நின்ற மனிதர்களின் மேளத்தை நாம் முதலில் கலை என்று எழுத வேண்டும். மற்றவர்கள் எழுதட்டும் என்று காத்திருக்கலாகாது.

பிப்ரவரி 11ஆம் தேதி தைப்பூசத்தன்று பிரிஞ்சாங்கில் கேட்ட நாதஸ்வரமும் என் பட்டியலில் உண்டு. விடியற்காலைக் குளிரில் வித்வான் சீவாளியை வாயில் அதக்கிச் சூடாக்கிக்கொண்டே நின்றார். காவிரிக்கரை நாணலில் செய்த அந்தச் சின்னத் துண்டுக்கு நம் மலைக்குளிர் ஒத்துவராதுபோல. முதல் மூச்சில் பிசிறு. இரண்டாவதிலும் பிசிறு. மூன்றாவதில் பிலஹரி எழுந்தது. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அனுமதிச் சீட்டில் வந்து, ஓரிரு ஆண்டில் திரும்பிப் போகும் இவர்களின் வாசிப்பைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஒரு பத்தியாவது வந்திருக்கிறதா?

இன்னொன்றைக் கச்சேரி என்று சொல்ல மனம் கூசுகிறது. சொல்லாமல் விடவும் முடியவில்லை. நவம்பர் மழையில் ஒரு சாவு வீட்டில், காலமெல்லாம் கொழுந்து கிள்ளிய ஒரு பாட்டி ஒப்பாரி வைத்தார். இறந்தவரின் கல்யாணம், கங்காணியோடு நடந்த சண்டை, பிள்ளைகள் பட்டணம் போனது எல்லாவற்றையும் அந்த நேரத்திலேயே கட்டிப் பாடினார். அவருக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் ஒப்பாரி தெரிந்தவர் யார் என்று விசாரித்தேன். ஒரே ஒருவர் பெயர்தான் கிடைத்தது. அவருக்கும் வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

கல்கி ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் சபாக் கச்சேரிகளைப் பற்றி எழுதியதால்தான், அன்று யார் எப்படிப் பாடினார்கள் என்பது இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. எழுதாதது போய்விட்டது. எங்கள் தாத்தா காலத்தில் இந்த மலையில் யார் தப்படித்தார்கள் என்பதற்கு ஒரு பெயர்கூட என்னிடம் இல்லை.

ஆகவே இந்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை நேரில் கேட்ட இசைக்காக ஒதுக்குகிறோம். ஆடித் திருவிழாவில் வாசித்த குழுவினரின் பெயர்களை, அவர்கள் சம்மதத்தோடு, உள்ளே அச்சிட்டிருக்கிறோம். நீங்களும் எழுதுங்கள். எந்த ஊர், எந்த நாள், யார் வாசித்தார்கள், யாரிடம் கற்றார்கள், எந்த இடத்தில் உங்கள் கால் நகராமல் நின்றுவிட்டது, இவ்வளவு போதும். பெயர் போடலாமா என்று மட்டும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தைப்பூசத்தன்று பால்குடத்தோடு ஒரு பேனாவும் சின்ன நோட்டும் கையில் இருக்கட்டும்.