பெயர் சொல்லிப் பாடியவர்கள்

அரசியல் பேசும் கலைக்கு ஆயுள் குறைவு என்பது நம் இலக்கியச் சூழலில் விவாதமின்றி ஏற்கப்பட்டுவிட்ட தீர்ப்புகளுள் ஒன்று. அன்றாட அரசியலின் பெயர்களைப் படைப்புக்குள் அனுமதித்தால், அந்தப் பெயர்களோடு சேர்ந்து படைப்பும் காலாவதியாகிவிடும் என்கிறார்கள். இத்தீர்ப்பை நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் தரப்புச் சாட்சி நாவலோ கவிதைத் தொகுப்போ அல்ல. 1978இல் நியூயார்க்கில் வெளியான ஒரு சல்சா இசைத்தட்டு.

அதன் பெயர் 'சியெம்ப்ரா'. ஸ்பானிய மொழியில் விதைப்பு என்று பொருள். பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த டிராம்போன் கலைஞர் வில்லி கொலோனும், பனாமாவிலிருந்து வந்த பாடகர் ரூபென் பிளேட்ஸும் ஃபானியா நிறுவனத்துக்காக உருவாக்கியது. பிளேட்ஸ் சட்டம் படித்துவிட்டு அதே நிறுவனத்தின் தபால் பிரிவில் வேலை பார்த்தவர். கியூபாவின் சோன் இசையில் வேர்கொண்டு, நியூயார்க்கில் குடியேறிய புவெர்த்தோ ரிக்கோ மக்களின் தெருக்களில் வளர்ந்த சல்சா, அடிப்படையில் ஆடுவதற்கான இசை. ஏழே பாடல்கள் கொண்ட இத்தட்டு, சல்சா வரலாற்றில் மிக அதிகமாக விற்றவற்றுள் ஒன்றானது.

தாளத்துக்காக விற்றது, வரிகளை யார் கவனித்தார்கள் என்பார்கள் சிலர். அவர்கள் முதல் பாடலான 'பிளாஸ்டிகோ'வைக் கேட்க வேண்டும். அது டிஸ்கோ இசையாகத் தொடங்குகிறது. அன்றைய நடன அரங்குகளின் மோகம் அது. தவறான தட்டைப் போட்டுவிட்டோமோ என்று கேட்பவர் ஐயுறும் கணத்தில் இசை சல்சாவாகத் திரும்புகிறது. அந்தஸ்துக்காகக் கடனில் மூழ்கும் தம்பதியர் வருகிறார்கள்; வேற்று நிறக் குழந்தைகளோடு விளையாடக்கூடாது என்று பிள்ளைக்குப் போதிக்கிறார்கள். போலிப் பளபளப்பின் மீதான விமர்சனம் வரிகளுக்கு முன்பே அந்த இசைத் திருப்பத்தில் நிகழ்ந்துவிடுகிறது. இதில் தாளத்தையும் கருத்தையும் தனித்தனியே பிரித்தெடுப்பது எப்படி?

அதே பாடலின் இறுதியில் லத்தீன் அமெரிக்க நாடுகளின் பெயர்கள் வகுப்பறை வருகைப்பதிவுபோல அழைக்கப்படுகின்றன. நிகரகுவாவின் முறை வரும்போது, சோமோசா இல்லாத நிகரகுவா என்றே அழைப்பு வருகிறது. தட்டு வெளியானபோது சர்வாதிகாரி சோமோசா பதவியில் இருந்தார். 1979 ஜூலையில்தான் நாட்டைவிட்டு ஓடினார். அப்படியானால் அந்த அழைப்பு அன்றோடு செத்திருக்க வேண்டுமே! சாகவில்லை. சோமோசாவை வீழ்த்திய சாந்தினிஸ்டாக்களின் தலைவர் தானியேல் ஓர்தேகா 2007இல் மீண்டும் அதிபரானார். 2018இல் எதிர்ப்புத் தெரிவித்துத் தெருவில் இறங்கியவர்களை அவரது அரசு ஒடுக்கியபோது முந்நூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இன்று அந்தப் பாடலைக் கேட்கும் நிகரகுவாக்காரர் எந்தப் பெயரை அங்கே வைத்துக் கேட்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை. பொத்தாம்பொதுவாகக் கொடுங்கோன்மையைச் சாடியிருந்தால் அந்த வரி யாரையும் சுட்டியிருக்காது. ஒரு பெயரைச் சொன்னதால்தான் அடுத்த பெயருக்கும் அங்கே இடம் உண்டாயிற்று.

முழக்கமே கலை என்கிறீர்களா என்று கேட்கக்கூடும். இல்லை. இதே தட்டில் ஏழு நிமிடங்களுக்கும் மேல் நீளும் 'பெத்ரோ நவாஹா' பாடலில் முழக்கம் ஒன்றுகூடக் கிடையாது. பிரெக்டும் கர்ட் வைலும் 1928இல் தங்கள் இசை நாடகத்துக்காக உருவாக்கிய கத்திக்காரன் மெக்கியின் பாடல் அதற்கு முன்னோடி. ஒரு ரவுடி, வாடிக்கையாளர் கிடைக்காமல் நிற்கும் பாலியல் தொழிலாளியைக் கத்தியால் குத்துகிறான், அவள் அவனைச் சுடுகிறாள், இருவரும் விழுகிறார்கள். வெடிச்சத்தம் கேட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவ்வழியே வரும் குடிகாரன் கத்தியையும் துப்பாக்கியையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு பாடியபடி போகிறான். அந்த இடத்தில் காஃப்காவின் பெயரைச் சொல்லவும் பிளேட்ஸ் தயங்கவில்லை. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்ற அந்த ஒரு தகவல் போதும், அந்நகரத்தின் மீதான குற்றப்பத்திரிகைக்கு.

இத்தட்டில் குறையே இல்லை என்று நாங்கள் வாதிடவில்லை. தலைப்புப் பாடல் உபதேசத்தின் விளிம்பைத் தொடுகிறது. 'பிளாஸ்டிகோ' போலித்தனத்துக்கு முதல் உதாரணமாக ஓர் இளம்பெண்ணை நிறுத்துவது இன்று உறுத்தவே செய்கிறது. இக்குறைகளோடும் அது உயிர்த்திருக்கிறது. பிளேட்ஸ் 2022இல் புவெர்த்தோ ரிக்கோவில் இத்தட்டை மேடையில் மீண்டும் பாடினார். அந்தப் பதிவு 2024இல் கிராமி விருது பெற்றது.

விருதை எங்கள் வாதத்துக்குச் சான்றாகக் காட்டவில்லை. செவ்வியல் என்று பீடத்தில் ஏற்றி, அது அந்தக் காலம் என்று பெருமூச்சு விடுவதும் ஒரு பாடலைக் கேட்காமலிருக்கும் வழிகளில் ஒன்றுதான். காலத்தைக் கடக்க விரும்பும் படைப்பாளி தன் காலத்தின் பெயர்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதே எங்கள் தரப்பு. அஞ்சுபவர்கள் தாராளமாக அஞ்சட்டும். தயவுசெய்து அதற்கு அழகியல் என்று பெயர் சூட்ட வேண்டாம்.